டுலூத் அணி யாரையும் விரும்புவதில்லை

எங்கள் டுலூத் ஹெரன்ஸ் அணி கோப்பை வென்றதில்லை. இறுதி ஆட்டத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் ரகசியம் காப்பதில் எங்களை அடித்துக்கொள்ள நாட்டில் ஆளில்லை என்று அணியின் பொது மேலாளர் பிரெஸ்டன் கேடிஸ் ஆண்டுதோறும் மேடை போட்டுச் சொல்லுவார். என்ன ரகசியம் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டு அவரும் சொல்லிவிட்டால் அப்புறம் அது ரகசியமா? தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். முப்பது வருடமாக இந்த அணியின் ரசிகனாக இருக்கிற எனக்குத் தலையாட்டல் நன்றாகவே பழகிவிட்டது.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர். பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும், அதைப் பற்றி இங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. வசந்தம் வந்தால் டிராஃப்ட். கல்லூரி முடிக்கும் பையன்களை அணிகள் வரிசையாக வந்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன வருடம் கேவலமாகத் தோற்றவர்களுக்கு முதல் உரிமை, ஆகவே எங்கள் முறை எப்போதும் சீக்கிரம் வந்துவிடும். உனக்கு எந்த ஊர் வேண்டும் என்று பையனைக் கேட்கிற வழக்கம் கிடையாது. பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிற வீட்டிலாவது பெண் மாட்டேன் என்று அழலாம். இங்கே அழுதால் தொலைக்காட்சியில் ஆனந்தக் கண்ணீர் என்று போட்டுவிடுவார்கள்.

என் தங்கை கணவன் ரான் ட்வீடி ஹெரன்ஸுக்கு ஆள் தேடும் வேலையில் இருந்தான். வடக்கு டகோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரி மைதானத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவன் எமெட் டால்கிரன் என்ற பையனைப் பார்த்தான். எமெட் ஆடியது டைட் எண்ட். வரிசையின் ஓரத்தில் நிற்கிற ஆள். ஒரு தடவை எதிராளியை முட்டித் தடுக்க வேண்டும், அடுத்த தடவை ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். முட்டுகிறவர்கள் இவனை ஓடுகிறவன் என்பார்கள், ஓடுகிறவர்கள் முட்டுகிறவன் என்பார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. சாப்பாட்டு அறையில் இரண்டு கூட்டத்திலும் இவனுக்கு நாற்காலி போட மறந்துவிடுவார்கள். எமெட் அதைப் பெரிதுபடுத்தாமல் ஜன்னலோரம் போய்த் தனியாகச் சாப்பிடுவான்.

அன்றைக்கு அவன் பிடித்த பந்துகளைப் பார்த்துவிட்டு ட்வீடிக்குத் தூக்கம் போய்விட்டது. நேரே கேடிஸிடம் போனான்.

"சார், பதினஞ்சு வருஷமா ஊர் ஊரா சுத்துறேன். இப்படி ஒருத்தனப் பாத்ததில்ல."

கேடிஸ் ஆட்டப் படத்தைப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இவன்தான் நம்ம ஆளு. இந்த நிமிஷத்துலேர்ந்து நமக்கு இவனைப் பிடிக்காது."

"சார்?"

"பிடிச்சவனப் பாக்காதே. பாத்தா பேசாதே. பேசித்தான் ஆகணும்னா திட்டு. நமக்கு வேணும்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா முன்னாடி இருக்கறவன் தூக்கிட்டுப் போயிருவான். புரியுதா?"

ட்வீடிக்குப் புரிந்தது. வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டான். எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறவன், அதன் பிறகு வானிலையைத் தவிர வேறெதையும் பேசவில்லை. இங்கே நான் சொல்வதில் பாதி, எல்லாம் முடிந்த பிறகு அவன் சொல்லித் தெரிந்தது.

எமெட்டுக்கும் எங்கள் அணிதான் வேண்டும். அதற்குக் காரணம் அவன் அப்பா லாயிட். சிவப்பாற்றுச் சமவெளியில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு போடுகிறவர். மனைவி இறந்து இரண்டு வருடம். விமானத்தில் ஏறமாட்டார், ஏன் என்று கேட்டால், "ஏறல, அவ்வளவுதான்" என்பார். டுலூத் என்றால் அவருடைய பழைய டிரக்கிலேயே நாலரை மணி நேரத்தில் வந்து மகன் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். தெற்கே ஏதாவது ஓர் அணி எடுத்துக்கொண்டால் அந்த வீட்டில் அப்பாவும் குளிர்பெட்டியின் ரீங்காரமும்தான் மிச்சம். எமெட்டுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

பிப்ரவரியில் எல்லா அணிகளும் ஓரிடத்தில் கூடிப் பையன்களை அளந்து பார்ப்பார்கள். அரைக்கால் சட்டையோடு மேடையில் ஏற்றி எடை பார்ப்பது, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை அளப்பது, ஓடவிட்டு நேரம் பார்ப்பது. முந்நூறு பேர் குறிப்பெடுப்பார்கள். பிறகு அறை அறையாகப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓர் அணி, நீ சமையலறைப் பாத்திரமாகப் பிறந்திருந்தால் எதுவாக இருப்பாய் என்று எமெட்டைக் கேட்டது. கரண்டி என்றான். தலைமைக் குணம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். இன்னொரு அணி பேசாமல் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் கண் சிமிட்டுகிறவன் கோழை என்பது அவர்கள் கொள்கை. அந்த அணியின் பயிற்சியாளருக்குக் கண்ணில் நீர் வழிந்து மருத்துவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

கடைசியாக எங்கள் அணியின் அறை. எமெட் தலையை ஒருமுறை படிய வாரிக்கொண்டு உள்ளே போனான். எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டு நாற்காலியும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"சார், வணக்கம். நான் எமெட் டால்கிரன்."

எந்த நாற்காலியும் திரும்பவில்லை.

"பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தீங்க."

"யாரோ வந்த மாதிரி சத்தம் கேக்குதே" என்றார் கேடிஸ், சுவரிடம்.

"காத்தா இருக்கும் சார்" என்றார் ஒருவர்.

எமெட் கதவில் ஒட்டியிருந்த பெயரை இன்னொரு தரம் பார்த்தான். சரியான அறைதான். கொடுத்த நேரம் கால் மணி. வளர்ப்பு அப்படி, கொடுத்த நேரத்துக்கு முன்னால் எழுந்து போகத் தெரியாது. ஆகவே எட்டு முதுகுகளிடமும் பேசினான்.

"எங்கப்பா ஹில்ஸ்பரோ பக்கத்துல கிழங்கு போடுறார். அவரு பிளேன்ல வரமாட்டாரு. அம்மா இல்லை. இங்க கெடச்சா அவரு வந்து பாத்துட்டுப் போவாரு. அவ்வளவுதான் சார். நல்லா ஆடுவேன்."

ட்வீடியின் காது மட்டும் சிவந்தது. மற்ற பதினான்கு காதும் தொழிலில் தேர்ந்தவை, அசையவில்லை. கால் மணி முடிந்ததும் எமெட் நன்றி சொல்லிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனான். அவன் போன பிறகு கேடிஸ் நாற்காலியைத் திருப்பி, "பிரமாதம்! ஒருத்தன்கூடத் திரும்பல. இதுதாண்டா அணி!" என்று எல்லோர் கையையும் குலுக்கினார். மைதானத்தில் எங்கள் ஆட்கள் அப்படி ஒற்றுமையாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

கேடிஸுக்கு அதுவும் போதவில்லை. மார்ச்சில் வதந்தி வேலை தொடங்கியது. எமெட்டுக்கு முழங்கால் சொத்தை என்று ஒரு நிருபரிடம் காதோடு சொன்னார். பந்தைக் கண்டால் பயம் என்று இன்னொருவரிடம். யாரோடும் சேரமாட்டான், தனியாகச் சாப்பிடுகிறான் என்று மூன்றாமவரிடம். தொலைக்காட்சியில் கோட்டு போட்ட நான்கு பேர் உட்கார்ந்து, ஒரு பையன் ஏன் தனியாகச் சாப்பிடுகிறான் என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். அவன் பக்கத்தில் யாராவது போய் உட்கார்ந்தால் என்ன என்ற யோசனை நாலு பேருக்கும் வரவில்லை.

நிருபர்கள் கேடிஸையே நேராகவும் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலை எங்கள் ஊர்ப் பத்திரிகை கட்டம் கட்டிப் போட்டது.

"எங்களுக்கு டைட் எண்ட் தேவையில்லை. தேவைன்னாலும் அந்தப் பையன் தேவையில்லை. அந்தப் பையனே தேவைன்னாலும் நான் உங்ககிட்ட சொல்லமாட்டேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லைங்கறது உங்களுக்கே தெரியும்."

வதந்தி ஹில்ஸ்பரோவுக்கும் போய்ச் சேர்ந்தது. தேவாலயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் கொண்டுவந்து லாயிட் வீட்டில் வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்குத்தான் அப்படி வரிசையாக ஹாட்டிஷ் வரும்.

"வாழ்க்கைல ஃபுட்பால் மட்டுமா இருக்கு லாயிட்? பையனுக்குக் கடவுள் வேற வழி வச்சிருப்பார்" என்றாள் ஒருத்தி.

"அவனுக்கு ஒண்ணும் ஆகல."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பாத்திரம் அடுத்த வாரம் வேண்டும் என்று சொல்லிப் போனாள்.

மூன்று நாள் நடக்கிற டிராஃப்ட் வந்தது. தேர்ந்தெடுக்கிற அணி பையனுக்குத் தொலைபேசியில் சொல்லும், அதனால் அவன் போன் சும்மா இருக்க வேண்டும். எமெட்டுக்காக அணிகளோடு பேரம் பேசுகிற முகவர் எல்லோருக்கும் கட்டளை அனுப்பினார்: அவன்மேல் அன்பு இருக்கிற யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது. அத்தை, சித்தப்பா, பள்ளிக்கூடப் பயிற்சியாளர், ஒரு காலத்தில் இவனோடு நடனத்துக்குப் போன பெண், எல்லோரும் அன்பு காரணமாகக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் வதந்தி காரணமாகக் கூப்பிடவில்லை. வீட்டில் அப்பா, மகன், மேஜை நடுவில் போன்.

அவர்களோடு தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு பேர். மகிழ்ச்சியைப் படம் பிடிக்க வந்தவர்கள். விளக்கெல்லாம் வைத்து முடித்த பிறகு, அவர்களில் தலைவி போலிருந்த பெண், "போன் வந்த ஒடனே ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கணும். ஒரு தடவை செஞ்சு பாத்துடலாமா?" என்றாள்.

லாயிட் மகனைப் பார்த்தார். அந்த வீட்டில் அந்த வழக்கம் அம்மாவோடு போய்விட்டது.

"எப்படிம்மா?"

"சும்மா, எப்பவும் செய்யற மாதிரி."

எப்போதும் செய்யாததை எப்போதும் செய்கிற மாதிரி இரண்டு பேரும் மூன்று தடவை செய்தார்கள். முதல் தடவை மூக்குக் கண்ணாடி விழுந்தது. இரண்டாவதில் லாயிட் கை குலுக்கிவிட்டார். மூன்றாவதில் சரியாக வந்தது, அப்போது எமெட் கொஞ்சம் அதிக நேரம் விடவில்லை. "அருமை, இதையே அப்புறமும் செய்யுங்க" என்றாள் அந்தப் பெண்.

டுலூத்தில் அணித் தலைமையகத்தில் எங்கள் முறை வந்தது. பத்தாவது இடம். எமெட் இன்னும் மிச்சமிருந்தான். முன்னால் இருந்த ஒன்பது அணியும் வதந்தியை நம்பி விட்டுவிட்டிருந்தன. கேடிஸின் திட்டம் முழு வெற்றி. முடிவெடுக்கப் பத்து நிமிடம் உண்டு. ட்வீடி துள்ளி எழுந்தான்.

"சார், இருக்கான்! சொல்லிடலாம் சார்!"

கேடிஸ் எழுந்திருக்கவில்லை. கையில் ஒரு கோப்பு. வெளி நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்கிய ஆறு சுயேச்சையான அறிக்கைகள். ஆறிலும் முழங்கால் சொத்தை, பந்துப் பயம், தனிச் சாப்பாடு.

"என்னவோ உறுத்துது ட்வீடி. நெருப்பில்லாம புகையுமா?"

"சார், நெருப்பு வச்சதே நீங்கதானே!"

"வச்சேன். இல்லேங்கல. நான் ஒருத்தன் பொய் சொல்லலாம். ஆறு பேருமா பொய் சொல்லுவாங்க?"

"அந்த ஆறு பேரும் உங்ககிட்ட கேட்டுத்தான் சார் எழுதினாங்க."

"அப்போ அவங்க என்னை நம்பியிருக்காங்க. விவரம் தெரிஞ்ச ஆறு பேர் நம்பறத நான் மட்டும் நம்பலேன்னா, என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அணியின் சொந்தக்காரி திருமதி ஓல்மன் மூலையில் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தாள். "தனியா சாப்புடுவானே, அந்தப் பையனா? வேண்டாம்ப்பா. எனக்கு மனசே ஆறல அதைக் கேட்டதுலேர்ந்து" என்றாள்.

"உங்க மனசு ஆறலேன்னா விட்டுருவோம் மேடம்."

நேரம் முடியப் போகிற சமயத்தில் ஒருவர், டெக்சாஸில் ஒரு டைட் எண்ட் இருக்கிறான், அவனைப் பற்றி ஒரு கெட்ட செய்திகூட இல்லை என்றார். உண்மைதான். போன வருடம் முழுக்க அவன் கால் உடைந்து படுத்திருந்தான். படுத்திருப்பவனைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்? அவனை எடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். ட்வீடி உட்கார்ந்தே இருந்தான். அதைக் கேடிஸ் கவனித்தார், அடுத்த மாதம் அவனுக்கு வேலை போயிற்று. விருப்பத்தை முகத்தில் காட்டினான் என்பது குற்றம்.

பக்கத்து ஊர் அணியே கண்டுகொள்ளாத பையனிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று மற்ற அணிகள் முடிவு கட்டின. அன்றைக்குப் போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. தொலைக்காட்சிப் பெண் விளக்கைக் கழற்றிக்கொண்டு, "வேற வீட்டுக்குப் போகச் சொல்றாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். லாயிட் அவர்களுக்கு வழிக்குச் சாப்பிட ஹாட்டிஷ் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. மிஞ்சிப்போனவர்களை யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது சட்டம். ஃபிளாரிடாவிலிருந்து பென்சகோலா அணி கூப்பிட்டது. ஆள் எண்ணிக்கைக்கு ஒருவன் குறைகிறான், ஒரு மணி நேரத்தில் பதில் சொல் என்றார்கள்.

"டுலூத் கூப்புடுமோ என்னமோ. இன்னும் கொஞ்சம் இருந்து பாக்கலாமா?" என்றான் எமெட்.

"பாக்கலாம்" என்றார் லாயிட்.

டுலூத்தில் அதே நேரம் ட்வீடி மறுபடியும் கெஞ்சிக்கொண்டிருந்தான். "சும்மாவே கெடைக்கறான் சார். இப்போ கூப்புட்டா என்ன?" கேடிஸ் சிரித்தார். "இப்போ கூப்புட்டா அவனை நமக்கு முன்னாடியே பிடிச்சிருந்ததுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிராதா?"

அந்த ஒரு மணி நேரமும் ஹில்ஸ்பரோவில் இரண்டு பேரும் மேஜை நடுவில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எமெட் பென்சகோலாவுக்குச் சரி என்றான். "அங்க குளிராதாம்ப்பா" என்றான். "நல்லதுதான்" என்றார் அவர்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க லாயிட் தனியாகக் கிழங்கு தோண்டினார். ஞாயிறுதோறும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில் டுலூத் ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள், வேறு கிடைக்காது. மகனை வேண்டாம் என்ற அணி தோற்பதை வாராவாரம் முழுசாகப் பார்த்தார், திரையின் அடியில் பென்சகோலாவின் புள்ளிக் கணக்கு ஒரு நொடி ஓடும் என்பதற்காக.

டிசம்பரில் பென்சகோலா டுலூத்துக்கு ஆட வந்தது. மைதானத்தில் என் பக்கத்து இருக்கை ட்வீடியுடையது. வேலை போன பிறகு அவன் அதில் உட்காரவில்லை. அன்றைக்கு அதில் உயரமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். தடித்த கையுறை, காது மூடிய தொப்பி. சீட்டு தபாலில் வந்தது, யார் அனுப்பினார்கள் என்று தெரியாது என்றார். ஊரைக் கேட்டேன், சொன்னார். அப்புறம் குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

ஆட்டம் பெரும்பாலும் முடிகிற வரை அவர் எதையும் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. பென்சகோலா ஆட்கள் நிற்கிற ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சில நிமிடங்களில் அவர்களுடைய டைட் எண்ட் ஒருவன் அடிபட்டு வெளியே வந்தான், இன்னொருவன் உள்ளே ஓடினான். இவர் முதுகு நிமிர்ந்தது. பந்து உயரத்தில் வந்தது. அந்தப் புதியவன் எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு மேலே எழும்பி, ஒற்றைக் கையால் பனிக்குள்ளிருந்து அதை எடுத்துக்கொண்டு எல்லைக் கோட்டுக்குள் விழுந்தான். நாங்கள் வழக்கம் போலத் தோற்றோம்.

அறுபதாயிரம் பேரும் வாயடைத்துப் போனார்கள். பனி விழுகிற சத்தம் கேட்கும் போலிருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றார். கை தட்டினார், கையுறையோடு சத்தம் வரவில்லை. இரண்டையும் பல்லால் கடித்து உருவிப் போட்டுவிட்டு வெறுங்கையால் தட்டினார். மைதானம் முழுக்க அந்த ஒரு சத்தம்தான்.

"யாருய்யா அது? உக்காருய்யா!"

"எந்த ஊரு துரோகிடா இவன்!"

கீழே அந்தப் பையன் பந்தோடு எழுந்து, சத்தம் வந்த திசைக்குத் திரும்பினான். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. சக ஆட்கள் இழுத்துக்கொண்டு போகிற வரை திரும்பியபடியே நின்றான்.

"யாருக்குங்க தட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"என் பையன்" என்றார்.

கையுறைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்தில் அவரை யாராவது வம்புக்கு இழுப்பார்கள் என்று டிரக் வரை கூடவே போனேன். பென்சகோலாக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் நேரே விமான நிலையம் போய்விடுவார்கள், மகனைப் பார்க்க முடியாது என்று வழியில் சொன்னார். போன் பண்ணுவான் என்றார். வண்டிக்குள் இருந்த வேண்டாத பொருட்களை ஒதுக்கி, சூடாகும் வரை உள்ளே உட்காரச் சொன்னார். வானொலி தானாகப் பாடத் தொடங்கியது. கேடிஸின் குரல்.

"இப்போ சொல்றதுல தப்பில்ல. டால்கிரன் எங்க பட்டியல்ல மொதல் ஆளு. ஆரம்பத்துலேர்ந்தே எங்களுக்கு வேண்டியிருந்தது அவன் ஒருத்தன்தான். அது கடைசி வரைக்கும் ஒரு குருவிக்குக்கூடத் தெரியல பாத்தீங்களா? அந்தக் கட்டுப்பாட்டை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. மேடம் என் ஒப்பந்தத்த அஞ்சு வருஷத்துக்கு நீட்டியிருக்காங்க."

லாயிட் வானொலியை அணைத்தார். கண்ணாடியில் பனி துடைப்பான் இரண்டு மூன்று தடவை போய் வந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். "நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். எங்க வீட்டுல சொல்றதுக்கு யாரும் இல்ல."